மீட்டர் போர்டை மாற்றச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

என்னிடம் 2004ஆம் வருடத்துக் கார் ஒன்று இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாத மதியம், மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற காரை எடுத்தேன். இரண்டு தெரு தாண்டியதும் ஸ்பீடோமீட்டர், ஆர்பிஎம், டீசல், டெம்பரேச்சர் என்று நான்கு முள்ளும் ஒரே நேரத்தில் பொத்தென்று கீழே விழுந்தன. இன்ஜின் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியதும் நான்கும் திரும்ப எழுந்து நின்றன. முதலில் வாரம் ஒருமுறை இப்படி நடந்தது, அப்புறம் தினமும். டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் உயிர் வரும்.

எலெக்ட்ரீஷியன் பார்த்தார். "மீட்டர் போர்டு போச்சு சார், மொத்தமா மாத்திடுங்க" என்றார். அந்த மாடல் நின்றுபோய்ப் பல வருடம் ஆகிவிட்டதால் புதிய போர்டு எங்கும் கிடைக்கவில்லை. காயலான் கடையில் பழையது தேடலாம் என்றார். கடைசியில் அந்தப் போர்டைச் சரிசெய்தது, அதன் பின்பக்கத்தில் வயர்களைச் செருகும் கப்ளரின் பின்களின் அடியில் புதிதாக வைத்த சில துளி ஈயம். இன்றுவரை ஓடுகிறது.

அன்றிலிருந்து பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது மீட்டர் போச்சு என்று சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கு எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. மீட்டர் போர்டை ஒற்றைப் பொருளாகப் பார்க்காமல், உள்ளே எது எதனோடு சேருகிறது என்று பார்க்கப் பழகினால் போதும். சிப்புகள் அவ்வளவு சுலபமாகச் சாவதில்லை. இரண்டு பொருள் சேரும் இடம்தான் விட்டுப்போகிறது.

உள்ளே என்ன இருக்கிறது

அம்பாசடர், பத்மினி காலத்து ஸ்பீடோமீட்டரில் எலெக்ட்ரானிக்ஸ் என்று எதுவுமே கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் கவிந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதை இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறி எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்சே 1902இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. கோவையின் பிரிக்கால் 1970களில் மீட்டர் தயாரிக்க இறங்கிய காலத்தில் நம் சாலைகளில் ஓடியதும் இந்த வகைதான். அதே நிறுவனம் இன்று வண்ணத்திரை கிளஸ்டர்கள் (மீட்டர் போர்டைத்தான் இப்படிச் சொல்வார்கள்) செய்கிறது.

எலெக்ட்ரானிக் கிளஸ்டரில் கேபிள் இருக்காது. கியர்பாக்ஸிலோ சக்கரத்திலோ இருக்கும் சென்சார், துடிப்பு துடிப்பாக மின்சாரத்தை அனுப்பும். போர்டில் இருக்கும் சிப் நொடிக்கு எத்தனை துடிப்பு வந்தது என்று எண்ணி, முள் எங்கே நிற்க வேண்டும் என்று கணக்குப் போடும். இன்னும் புதிய கார்களில் ஒவ்வொரு சென்சாருக்கும் தனி வயர் வராது. இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் கேன் பஸ் என்ற இரண்டு முறுக்கிய வயர்களில் சேதி பேசிக்கொள்ளும், கிளஸ்டர் அதைக் கேட்டு முள்ளை நகர்த்தும். பாஷ் நிறுவனம் இந்த முறையை 1986இல் அறிமுகப்படுத்தியது. தொண்ணூறுகளில் விலை உயர்ந்த கார்களில் ஆரம்பித்து மெல்ல எல்லாக் கார்களுக்கும் வந்தது.

ஆக, ஒரு கிளஸ்டர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு மின்சாரம் வர வேண்டும், சேதி வர வேண்டும், முள்ளைத் திருப்பும் மோட்டார்கள் திரும்ப வேண்டும், எண் காட்டும் திரையும் பின்விளக்கும் எரிய வேண்டும். இந்த நான்கில் எது விட்டுப்போனது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் காண ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை.

கழற்றுவதற்கு முன்னால்

ஒரே ஒரு முள் மட்டும் தப்பாகக் காட்டினால், பழுது அநேகமாக மீட்டர் போர்டில் இல்லை. டீசல் முள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கில் மிதக்கும் பந்தோடு ஒரு சிறு கை அசையும். அந்தக் கை ஒரு ரெசிஸ்டன்ஸ் பட்டைமீது உரசிக்கொண்டே போகும். பல வருடம் உரசிய இடத்தில் பட்டை தேய்ந்துவிடும். கால் டேங்கில் மட்டும் முள் துள்ளுகிறது, மற்ற இடத்தில் ஒழுங்காக நிற்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது டேங்கை. மீட்டரைக் கழற்றினால் நேரம்தான் வீண்.

எல்லா முள்ளும் சேர்ந்து ஆடினால் மின்சாரத்தைப் பாருங்கள். கிளஸ்டருக்குப் பொதுவாக மூன்று முக்கிய வயர்கள் உண்டு. எப்போதும் பேட்டரியோடு இருக்கும் ஒன்று, சாவி போட்டால் உயிர் வரும் ஒன்று, எர்த் ஒன்று. முதலில் இரண்டு ஃபியூஸ்களையும் கழற்றிப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது, மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

எர்த் கெட்டால் வரும் அடையாளம் விசித்திரமானது. ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் லேசாக ஏறும், இண்டிகேட்டர் அடிக்கும்போது முட்களும் கூடவே துடிக்கும். ஹெட்லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிளஸ்டரின் எர்த் பின்னிலும் இன்னொன்றைப் பேட்டரியின் மைனஸிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் எங்கோ ஒரு எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினால் தீரும் வேலை.

சேதி வருகிறதா என்று பார்க்க, இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (காரின் கணினி சொல்வதைப் படிக்கும் கருவி) போதும். அதைக் காரின் ஓபிடி சாக்கெட்டில் செருகி, போனில் டெம்பரேச்சரும் ஆர்பிஎம்மும் பாருங்கள். போனில் 88 டிகிரி என்று ஒழுங்காக வருகிறது, முள் மட்டும் படுத்துக் கிடக்கிறது என்றால், சென்சாரும் இன்ஜின் கணினியும் நலம். பழுது அந்தக் கணினிக்கும் கிளஸ்டருக்கும் நடுவில் அல்லது கிளஸ்டருக்கு உள்ளே. போனிலும் எண் வரவில்லை என்றால் சென்சார் பக்கம் போங்கள்.

கேன் பஸ் உள்ள காராக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஓபிடி சாக்கெட்டில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸை அளந்து பாருங்கள். அந்த இரண்டு வயர்களின் இரு முனையிலும் 120 ஓம் வைத்திருப்பார்கள், இரண்டும் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. சில கார்களில் அந்தக் கடைசி 120 ஓம் கிளஸ்டருக்குள்ளேயே இருக்கும். நடுவில் சேதியை வாங்கிக் கடத்திவிடும் கேட்வே என்ற கணினி வைத்த கார்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, தட்டிப் பாருங்கள். முரட்டுத்தனமாக வேண்டாம், விரல் மூட்டால் ஒரு தட்டு. தட்டினால் போகிறது, தட்டினால் வருகிறது, வெயிலில் மோசமாகிறது, காலைக் குளிரில் சரியாக இருக்கிறது என்றால், அத்தனையும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. தொட்டும் தொடாமலும் நிற்கும் ஓர் இணைப்பு உள்ளே இருக்கிறது.

வெடித்த ஈயம்

கழற்றும்போது அவசரம் கூடாது. பேட்டரியின் மைனஸை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள், ஏர்பேக் இருக்கும் காரென்றால் கட்டாயம். ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் உண்டென்றால் முன்பே எழுதி வையுங்கள், பேட்டரி எடுத்ததும் சில பழைய செட்டுகள் அதைக் கேட்கும். ஸ்டியரிங்கைக் கீழே இறக்கிக்கொண்டால் பெரும்பாலான கார்களில் இரண்டு மூன்று ஸ்க்ரூவில் கிளஸ்டர் முன்னால் வந்துவிடும். கப்ளரை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், அதற்கென்று பூட்டு ஒன்று இருக்கும். கிளஸ்டர் இல்லாமல் சாவியைப் போடவும் வேண்டாம். ஏர்பேக் கணினி அதைப் பழுது என்று குறித்துக்கொள்ளும், பிறகு விளக்கை அணைக்கத் தனியாக அலைய வேண்டும்.

என் காரின் போர்டை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தபோது, பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தது. கருகல் இல்லை, துரு இல்லை. சென்னை ரிட்சி தெருவில் வாங்கிய நகைக்கடை லென்ஸ் ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு, டேபிள் லேம்ப்பைச் சாய்த்துப் பிடித்து, கப்ளர் பின்களின் வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் பத்துப் பின்களில் ஈயம் வெள்ளியாகப் பளபளத்தது. பதினோராவது பின்னைச் சுற்றி, நிலாவுக்குக் கோட்டை கட்டியது போல, மெல்லிய கறுப்பு வளையம். அதற்கு அடுத்த மூன்றிலும் அதே வளையம். குண்டூசி முனையால் பின்னை லேசாக நெம்பினேன். ஈயத்தின் நடுவில் பின் தனியாக அசைந்தது.

இதைத்தான் டிரை சால்டர் என்கிறார்கள். பின் ஓர் உலோகம், போர்டு கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த பலகை, இரண்டையும் பிடித்திருப்பது சால்டர் என்ற இந்த ஈயம். சூடேறும்போது மூன்றும் ஒரே அளவில் விரிவதில்லை. வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம், இரவில் அது இருபதுகளுக்கு இறங்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று வைத்தாலும் இருபது வருடத்தில் பதினாலாயிரம் தடவைக்கு மேல் விரிந்து சுருங்கியிருக்கும். போதாக்குறைக்குக் கப்ளரைச் செருகி எடுக்கும் இழுப்பும், குண்டுகுழியில் வயர்க்கட்டு ஆடும் ஆட்டமும் அந்தப் பின்களின் மேல்தான் இறங்குகின்றன. அதனால் கப்ளர் பின், பெரிய ரெகுலேட்டர், காயில் என்று கனமான, சூடாகிற பாகங்களின் அடியில்தான் முதலில் வெடிக்கும். பழைய ஃபோர்டு ஃபோகஸின் இரண்டாம் தலைமுறைக் காரில் கிளஸ்டர் கப்ளரின் இந்த வெடிப்பு உலகப் பிரசித்தம். அந்தக் காரில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் வேலையும் கிளஸ்டருக்கு உண்டு. ஆகவே ஈயம் விட்டால் முள் விழுவதோடு நிற்காது, கார் ஸ்டார்ட்டே ஆகாது.

சரி, எப்படிச் சரிசெய்வது? பழைய ஈயத்தின் மேலேயே சூட்டுக்கோலை வைத்து உருக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சில மாதம் ஓடும், திரும்ப வெடிக்கும். வளையத்தின் ஓரங்களில் ஏறியிருக்கும் கறுப்புப் படலம் உள்ளேயே தங்கிவிடுவதுதான் காரணம். முதலில் ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தடவிப் பழைய ஈயத்தை உருக்கி, உறிஞ்சும் பம்பால் எடுத்துவிடுங்கள். பிறகு பின்னையும் போர்டின் செம்பு வளையத்தையும் ஒன்றாகச் சூடுபடுத்தி, புதிய ஈயத்தைக் கோலின் மேல் வைக்காமல் அந்தச் சேர்மானத்தின் மேல் வையுங்கள். இரண்டு மூன்று நொடியில் ஈயம் தானாகப் பாய்ந்து, பின்னின் மேல் சின்னக் கோபுரம்போல ஏறி நிற்கும். உருண்டையாக மணிபோல நின்றால் ஒட்டவில்லை என்று அர்த்தம்.

63க்கு 37 என்று எழுதிய வெள்ளீய-காரீய சால்டர் 183 டிகிரியில் உருகும், கற்றுக்கொள்பவர்களுக்கு அதுவே சுலபம். காரீயம் இல்லாத வகைக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 2006க்கு முந்தைய போர்டுகளில் பெரும்பாலும் பழைய காரீய வகைதான் இருக்கும். கோலை 350 டிகிரிக்கு வைத்து வேகமாக வேலையை முடிப்பது, குறைந்த சூட்டில் பத்து நொடி அழுத்திக்கொண்டிருப்பதைவிட நல்லது. நெடுநேரச் சூட்டில் செம்பு வளையம் போர்டைவிட்டு உரிந்து வந்துவிடும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காரீயம் வயிற்றுக்குள் போகக் கூடாது. காரின் போர்டில் கைவைப்பதற்கு முன், கெட்டுப்போன பழைய ரேடியோ போர்டு ஒன்றில் ஐம்பது பின்களை எடுத்து வைத்துப் பழகுங்கள். நானும் அப்படித்தான் பழகினேன்.

முள்ளைத் திருப்பும் குட்டி மோட்டார்

ஈயம் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் நின்ற காரில் 60 காட்டுகிறது. அல்லது 80 வரை ஏறி அங்கேயே சிக்கிக்கொள்கிறது. இது மோட்டாரின் வேலை.

2000க்குப் பிறகு வந்த பல கிளஸ்டர்களில் ஒவ்வொரு முள்ளுக்கும் பின்னால் ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று உண்டு, நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் டப்பி. ஸ்விடெக் என்ற ஸ்விட்சர்லாந்துப் பெயரில் பரவிய எக்ஸ்27.168 வகையைச் சொல்கிறேன், அதைத்தான் நன்றாகத் தெரியும். உள்ளே இரண்டு காயில், நடுவில் ஒரு காந்த ரோட்டார், அதைத் தொடர்ந்து பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். ஒரு துடிப்புக் கொடுத்தால் ரோட்டார் 60 டிகிரி திரும்பும். பல்சக்கரங்கள் அதை 180இல் ஒரு பங்காகக் குறைப்பதால், முள் அசைவது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் முள் அவ்வளவு வழவழப்பாக ஏறுகிறது.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, இந்த மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. சாவி போட்டதும் சிப் முதலில் முள்ளைப் பின்னுக்குத் தள்ளித் தடுப்பில் முட்டவைக்கும், அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். அங்கிருந்து இத்தனை துடிப்பு கொடுத்தேன், ஆகவே முள் இங்கே இருக்கும் என்று நம்பிக்கொண்டே போகும். பல்சக்கரம் தேய்ந்து நடுவில் நான்கு பல் வழுக்கிவிட்டால், சிப்புக்கு அது தெரியவே தெரியாது. அதன் கணக்கில் முள் 40இல் இருக்கும், நம் கண்ணுக்கு 70 காட்டும். ஜெனரல் மோட்டார்ஸின் 2003 முதல் 2006 வரையிலான பிக்கப் டிரக்குகளில் இந்தக் கோளாறு அவ்வளவு பரவலாக இருந்ததால், அமெரிக்காவில் மோட்டார்களை மட்டும் மாற்றிக்கொடுப்பதே பலருக்குத் தொழிலாகிவிட்டது. வண்டி நிற்கும்போது 80 மைல் வேகம் காட்டும் ஸ்பீடோமீட்டர் படங்களைப் பார்த்திருப்பீர்கள், பாதி அந்த டிரக்குகள்தான்.

மோட்டார் செத்ததா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். நான்கு கால்கள், இரண்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே இந்த வகையில் சுமார் 280 ஓம் காட்ட வேண்டும். ஒன்று காட்டாவிட்டால் காயில் அறுந்தது. ஆனால் காயில் சரியாக இருந்தாலும் பல் தேய்ந்திருக்கலாம். அதற்குப் பக்கத்து முள்ளின் மோட்டாரோடு இடம் மாற்றிப் பார்ப்பதுதான் நிச்சயமான சோதனை.

கஷ்டமான இடம், முள்ளைப் பிடுங்குவது. முள் மோட்டாரின் தண்டில் வெறுமனே அழுத்திச் செருகப்பட்டிருக்கும். திருகி எடுக்கப் பார்த்தால் நல்ல மோட்டாரின் பல்லும் போய்விடும். முதலில் சாவி போட்ட நிலையில், இன்ஜின் ஓடாமல், ஒவ்வொரு முள்ளும் எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுங்கள். டயலின் மேல் மெல்லிய துணி போட்டு, இரண்டு டீஸ்பூன்களை எதிரெதிரே முள்ளின் அடியில் கொடுத்து, இரண்டு பக்கமும் சமமாக, நேர் மேல்நோக்கி நெம்புங்கள். டக்கென்று வரும். திரும்பப் போடும்போது கிளஸ்டரைக் காரில் இணைத்து, சாவி போட்டு மோட்டார்கள் பூஜ்யத்துக்குப் போய் நின்ற பிறகு, போட்டோவைப் பார்த்து அதே இடத்தில் லேசாகச் செருகுங்கள். ஓட்டிப் பார்த்துச் சரியாக இருந்த பிறகுதான் முழுவதும் அழுத்த வேண்டும்.

சரியா என்று போனின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடலாம். ஆனால் இரண்டும் ஒரே எண் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம்: பத்து சதவீதமும் மேலே 4 கிலோமீட்டரும் வரை. உண்மையில் 80இல் போகும்போது மீட்டர் 80க்கும் 92க்கும் நடுவில் எங்கே காட்டினாலும் விதிக்குள்தான். 78 காட்டினால் முள்ளைக் கழற்றித் திரும்பச் செருகுங்கள்.

திரையும் வெளிச்சமும்

கிலோமீட்டர் காட்டும் சின்னத் திரையில் எழுத்துகள் பாதி காணாமல் போவது இன்னொரு பழைய கார் நோய். இங்கேயும் பார்க்கும் கண்தான் முக்கியம். மேலிருந்து கீழாக முழுக் கோடு கோடாக மறைந்தால் திரைக்கண்ணாடி கெடவில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் போர்டிலிருந்து ஒரு தடம் வருகிறது, அந்தத் தடம் ஒட்டு விட்டிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் வந்த பிஎம்டபிள்யூ ஈ38, ஈ39 கார்களிலும், சாப் கார்களின் தகவல் திரையிலும் இது மிகவும் பிரபலம். போர்டையும் கண்ணாடியையும் இணைக்கும் ரிப்பன், ஈயம் வைக்காமல் கடத்தும் பசையால் சூட்டில் ஒட்டப்பட்டது, சூட்டிலேயே விட்டுப்போகும். ரிப்பனின் ஓரத்தை அழிப்பானால் அழுத்தினால் கோடுகள் திரும்பி வந்தால் நோய் உறுதி. அழுத்தம் கொடுக்கும்படி ரப்பர் பட்டை வைத்து மூடுவது தற்காலிக வைத்தியம். புதிய ரிப்பனை ஒட்டுவதற்குச் சூடும் அழுத்தமும் சேர்ந்து கொடுக்கும் தனிக்கருவி வேண்டும். இதை மட்டும் கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது, கண்ணாடியின் ஓரம் உடைந்தால் மாற்றுக் கிடையாது.

முள்ளோ திரையோ மங்கி மங்கி அணைந்தால் கெப்பாசிட்டரைப் பாருங்கள். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் திரவம் இருக்கிறது, சூட்டில் அது வற்றும், சில சமயம் கசியும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதிய ஒன்று, பத்து டிகிரி குறையக் குறைய இரண்டு மடங்கு நாள் உழைக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம். நிறைய என்று தோன்றும், ஆனால் முப்பது வருடக் காருக்கு அது நெருங்கிவிடுகிறது. 1989இல் வந்த முதல் லெக்சஸ் எல்எஸ்400 காரில் முட்களே ஒளிர்வது அந்தக் காலத்தில் பெரிய அதிசயம். பின்னாளில் அந்த முட்கள் கறுத்துப்போனதற்குக் கசிந்த கெப்பாசிட்டர்களும் ஒரு காரணம். கசிந்திருந்தால் காலடியில் பச்சையாகவோ பழுப்பாகவோ கறை தெரியும், சூட்டுக்கோல் வைத்ததும் கெட்ட மீன் வாடை அடிக்கும். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை வாங்குங்கள். வரி போட்ட பக்கம் மைனஸ் என்பது நின்ற வகைக்குப் பொருந்தும். தட்டையாக உட்காரும் வகையில் கறுப்புப் பூசிய பக்கம்தான் மைனஸ். கசிந்த திரவம் செம்பையும் தின்னும், போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துலக்காமல் புதியதை வைக்காதீர்கள்.

வெறும் பல்பு போயிருந்தால் பின்னால் திருகி எடுத்து மாற்றிவிடலாம், அதற்கு விளக்கம் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். பழைய கார்களில் பேட்டரிச் சின்னம் போட்ட சார்ஜ் விளக்கின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரமே போகும். அழகாக இருக்கிறது என்று எல்லா பல்பையும் எல்இடியாக மாற்றிவிட்டால் சில கார்களில் பேட்டரி சார்ஜ் ஆகாமல் நின்றுபோகும். அந்த ஒரு பல்பைப் பழையபடியே விட்டுவிடுங்கள்.

காயலான் கடைப் போர்டு ஏன் கடைசி வழி

பழைய போர்டு ஒன்றை வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது வேறொரு காரின் நினைவோடு வருகிறது. ஓடிய கிலோமீட்டர், எட்டுக்கால் சிப் ஒன்றில் இருக்கும். 93சி46 போன்ற ஒரு சிப்பின் மொத்தக் கொள்ளளவே 128 பைட்தான். அதற்குள் ஓடோமீட்டர் எண்ணும் காரின் சில அமைப்புகளும் அடங்கிவிடும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பல கார்களில் இம்மொபிலைசர் தகவலும் கிளஸ்டரில்தான். வேறு போர்டைப் போட்டால் உங்கள் சாவியை அது அந்நியன் சாவி என்று நினைத்து இன்ஜினை ஒரு நொடியில் அணைத்துவிடும்.

கிலோமீட்டரை மாற்றி எழுதித் தருகிறோம் என்று சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். உங்கள் காரின் உண்மையான எண்ணைப் புதிய போர்டில் ஏற்றுவது வேறு, விற்பதற்காகக் குறைப்பது வேறு. இரண்டாவது, வாங்குபவரை ஏமாற்றுவது. டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது என்று அவர் அந்த எண்ணை நம்பித்தான் முடிவு செய்வார். சில பிஎம்டபிள்யூக்களில் இருந்த 35080 என்ற சிப்பில், எண்ணைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது என்றே அமைத்திருந்தார்கள். எல்லாரும் அப்படிச் செய்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

ஆகவே முடிந்தவரை உங்கள் சொந்தப் போர்டையே பழுது பாருங்கள். உங்கள் சாவியும் உங்கள் கிலோமீட்டரும் அதில்தான் இருக்கின்றன. நீங்களே ஈயம் வைக்கத் தயங்கினால், டிவி போர்டு பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போய், எந்தப் பின் அசைகிறது என்று காட்டுங்கள். ‘மீட்டர் போச்சு’ என்று கொடுப்பதற்கும், ‘இந்தக் கப்ளரில் பதினொன்றிலிருந்து பதினாலு வரை வளையம் விழுந்திருக்கிறது’ என்று கொடுப்பதற்கும் அவர் கேட்கும் கூலியிலேயே வித்தியாசம் தெரியும்.

என் போர்டைத் திரும்ப மாட்டுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் தேதி, அன்றைய கிலோமீட்டர், எந்தப் பின்களுக்குப் புது ஈயம் வைத்தேன் என்பதை எழுதி, பின்மூடியின் உட்புறம் டேப் போட்டு ஒட்டினேன். அடுத்து அதைத் திறப்பவர் நானாகவும் இருக்கலாம், என்னிடமிருந்து கார் வாங்கும் வேறு யாராவதாகவும் இருக்கலாம். எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.